சீர்வரிசையில் வந்த வெஸ்டர்ன் க்ளாசெட்

1. இன்டர்வியூ

கக்கூஸ் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்கு வைத்த இன்டர்வியூ.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். அதுவரை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தபோது பஜாரில் இந்த சானிட்டரி கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கன வார பொம்பளைக வாயத் தொறக்க மாட்டேங்காக. வீட்டுக்காரரு பேசி, அவரே வாங்கிட்டுப் போயிருதாரு. மூணு மாசம் கழிச்சு உடைச்சுட்டு வேற மாத்தணும்னு வந்து நிக்காக. அதான் ஒரு பொம்பளையாளு வேணும். உனக்குக் கூச்சம் உண்டா?"

"இல்லை முதலாளி. எங்கம்மா நர்சு."

"அப்போ கக்கூஸ்னு சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"ரோட்டுக்குக் கேக்கணும்."

மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு கத்துக் கத்தினேன். எதிரே வத்தல் கமிஷன் கடையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "காலையில ஒழுங்காப் போகுதா தம்பி?" என்று கேட்ட அம்மாவுக்குப் பிறந்தவள் நான். அந்த மனுசனும் பயப்படாமல், "போகுது அத்தை" என்றார். அப்போதே கல்யாணம் முடிவாகிவிட்டது.

கடையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று முதலாளியின் மகன் கேட்டான். கேட்லாக்கில் இருப்பதை நான் எழுதப்போவதில்லை. குத்தவைத்து உட்காருவது இண்டியன், நாற்காலி மாதிரி உட்காருவது வெஸ்டர்ன், எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது ஆங்கிலோ இண்டியன். கழிவு கீழே தரைக்குள் போனால் எஸ் ட்ராப், பின்னால் சுவருக்குள் போனால் பி ட்ராப். இவ்வளவுதான், ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். எனக்கும் ஆனது. ஒரே வாரத்தில் எல்லாம் தெரிந்தவள் ஆகிவிட்டேன், அதுதான் வினை.

2. ஷோகேஸில் ஏறிய ஃபோர்மேன்

ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த சங்கிலி என்பவரும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கடைக்கு வந்தார்கள். புது வீடு கட்டி, பூச்சு முடிந்து, டைல்ஸும் ஒட்டியாயிற்று. கக்கூஸ் தனி, குளியலறை தனி. இரண்டும் அடுத்தடுத்து, இரண்டுக்கும் பொதுவாகப் பின்சுவர். தை பிறந்ததும் பால்காய்ப்பு. பீங்கான் மட்டும்தான் பாக்கி.

"ஒரு இண்டியன் எடுத்துப் போடுங்க" என்றார் ஃபோர்மேன். டீக்கடையில் டீ சொல்கிற மாதிரி சொன்னார்.

பேச்சியம்மாள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் கை, பக்கத்தில் இருந்த வெஸ்டர்னின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. ஆகா, முதலாளி சொன்ன ஊமைக் கஸ்டமர் இவர்தான் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு அக்கா?"

"அவுக சொல்றதுதான்" என்றார். கை மட்டும் எடுக்கவில்லை.

நான் விடவில்லை. வெஸ்டர்ன் வைத்தால் வயசான காலத்துக்கு நல்லது என்றேன். "எனக்கென்ன வயசாச்சு?" என்றார் ஃபோர்மேன். வெளியூர் விருந்தாள் வந்தால் வசதி என்றேன். "எங்க விருந்தாளு பூராம் மல்லாங்கிணத்துல இருந்து வாரவுக. காடு கண்டா போதும் அவுகளுக்கு" என்றார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அதில் நியாயம் இருந்தது.

"ஒருக்கா இழுத்தா எம்புட்டுத் தண்ணி போகும்?"

"பழைய மாடல்ல பத்து லிட்டர்..."

"எங்க தெருக் குழாயில வாரத்துக்கு ஒருக்கா தண்ணி வருது. பத்து லிட்டர இதுக்குள்ள ஊத்திட்டு நாங்க என்னத்தக் குடிக்க?"

ஃப்ளஷ் டேங்க் மாட்டாமல் வாளியால் ஊற்றினாலே போதும் என்று சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை. சரி, பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது என்று ஆங்கிலோ இண்டியனைக் காட்டினேன். "இதுல உக்காரவும் செய்யலாம், மேல ஏறிக் குத்தவைக்கவும் செய்யலாம்."

"ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்."

ஏறிவிட்டார்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்த ஷோகேஸுக்குள் இருந்த பீஸ் மேலேயே ஏறிக் குத்தவைத்துவிட்டார். பஜாரில் போகிறவர்கள் நின்றார்கள். சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்தார். வத்தல் கடைக்காரர் இந்தத் தடவை தராசை விட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். உள்ளேயிருந்து முதலாளி அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஃபோர்மேன்! இறங்குங்க, இறங்குங்க! அது இன்னும் தரையில பூட்டலை!"

அந்த நேரம் பார்த்து அது ஒரு ஆட்டம் ஆடியது. ஃபோர்மேன் ஒரு கையால் என் தோளையும் மறுகையால் முதலாளியின் வழுக்கைத் தலையையும் பிடித்து இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"வெடிமருந்து ஷெட்டுல இருபது வருசமா இருக்கேன். அங்கன எனக்கு இப்படி நெஞ்சு அடிச்சதில்லை. இண்டியனையே கட்டுங்க."

கட்டினோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

3. பைப் குடோன்

ஃபோர்மேன் பில் போடப் போன நேரத்தில் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துப் பின்னால் இருந்த பைப் குடோனுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தாயி, எனக்குக் குத்தவைக்க முடியலை. உக்காந்தா எந்திரிக்க முடியலை."

ஃபோர்மேன் இருக்கும் அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிற ஷெட்டில் அவருக்கு இருபத்தாறு வருசம். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பது. அந்த யூனிட்டிலேயே வேகமான கை அவருடையது. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

"இப்போ என்ன செய்றீக?"

"காட்டுக்குத்தான போறோம். அங்கன ஒரு வேப்பங்கன்னு இருக்கு. அதைப் பிடிச்சு எந்திரிச்சிருவேன். புது வீட்டு கக்கூஸ்ல எந்த மரத்தப் பிடிக்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"ஃபோர்மேன்கிட்ட சொல்லிற வேண்டியதுதானே அக்கா?"

"வேற வினையே வேண்டாம். ஷெட்டுல சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடணும். ஓட முடியாதவள உள்ள விட மாட்டாக, அவுகதான முதல்ல மறிப்பாக. வீட்டுல உக்காருன்னு சொல்லிருவாக. வேலை இல்லாம நான் என்னத்துக்கு இருக்கேன்? அவுக மருந்து ஷெட்டு, நான் பின்னல் ஷெட்டு, நடுவுல அரை மைலு. வீட்டுல அவுக பாக்கையில நான் எந்திரிக்கிறதே கிடையாது."

ஓட முடியாதவர் ஏன் அங்கே போய் உட்காருகிறார் என்று திட்டவே செய்தேன். அவர் அசையவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். வாயைக் கட்டிப்போட்ட பிறகு என்ன செய்வது? அங்கே அடுக்கியிருந்த பைப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது.

"அக்கா, பால்காய்ப்புக்குப் பொறந்த வீட்டுச் சீர் வருமா?"

"வராம? சாத்தூர்ல எங்கண்ணன் இருக்கு. குத்துவிளக்கு, பித்தளைப் பானை எல்லாம் வரும்."

"மச்சான் வீட்டுச் சீரை மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"சொன்னா சண்டைல்லா வந்துரும்!"

"அப்போ பித்தளைப் பானைக்குப் பதிலா..."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் என் முதுகில் ஒரு அறை விட்டார். இரண்டு பேரும் பைப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேல் தட்டில் இருந்த எல்போ வளைவுகள் நாலைந்து உருண்டு விழுந்தன.

4. மேளதாளம்

அண்ணன் கருப்பசாமி தீப்பெட்டி லோடு அடிக்கிற லாரி டிரைவர். குரலே ஹாரன் மாதிரி இருக்கும். தங்கச்சி ஆசைப்பட்டாள் என்றதும் காரணம்கூடக் கேட்கவில்லை.

"மாப்ள மூஞ்சி எப்படிப் போகும்னு நான் பாக்கணும். இருக்கதுலயே பெருசா ஒண்ணு குடுங்க."

பெருசு முக்கியமில்லை என்று சொல்லி பி ட்ராப் உள்ள வெஸ்டர்னாக எடுத்துக் கொடுத்தேன். ஃபோர்மேன் மனசு மாறினால் கக்கூஸில் இருக்கும் இண்டியனைத் தொடவே வேண்டாம். அடுத்த குளியலறையில் பின்சுவரில் ஒரு ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். அவ்வளவு தூரம் யோசித்தவள் நான், கேட்டுக்கொள்ளுங்கள்.

"பேரு வெட்டணுமே?" என்றார் கருப்பசாமி. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டாமல் இருக்காது. பீங்கானில் வெட்டினால் உடைந்துவிடும் என்றேன். உடனே லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொண்டுபோய்விட்டார்.

பால்காய்ப்பு அன்று காலை நானும் ஆமத்தூருக்குப் போயிருந்தேன். தெருமுனையில் மேளம் கேட்டது. தட்டுத் தட்டாகப் பழம், பூ, மஞ்சள் வந்தது. பின்னால் நாலு பேர் ஒரு பெஞ்சைத் தோளில் தூக்கி வந்தார்கள். அதன் மேல் வெள்ளை வெளேரென்று வெஸ்டர்ன் க்ளாசெட்! சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. மூடி மேல் வெற்றிலை பாக்கு. இரண்டு பக்கமும் தாமரைப்பூ வரைந்து நடுவில் சிவப்பு எழுத்தில்: 'தங்கை பேச்சியம்மாளுக்கு அண்ணன் கருப்பசாமி அன்பளிப்பு.' தூரத்தில் இருந்து பார்த்தால் சப்பரம் வருகிற மாதிரிதான் இருந்தது. ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டுவிட்டார். பக்கத்தில் வந்ததும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் ஆயிரம் வாலா சரத்தைக் கொளுத்தினார்கள். ஃபோர்மேன் வாசற்படியில் நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. ஆனால் வெடி ஓய்ந்ததும் முதலில் அவர் வாயில் வந்தது தொழில்தான்.

"நடுவுல ஒண்ணுகூட நமுத்துப்போகலை. இது பேச்சி பின்னுன சரம்."

அதற்குள் யாரோ ஒரு சித்தப்பா தேங்காயை ஓங்கிக்கொண்டு க்ளாசெட் விளிம்பில் உடைக்கப் போனார். "ஐயோ, பீங்கான்!" என்று நான் போட்ட கூச்சலில் மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் ஃபோர்மேன் கேட்டார்.

"என்ன மச்சான் இது?"

"சீரு, மாப்ள. எந்தங்கச்சி ராணி கணக்கா உக்காரணும். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, இப்படியே தூக்கிட்டுப் போயிருதோம்."

பேச்சியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஊரே ஃபோர்மேனைப் பார்த்தது.

"சீரை வேண்டாங்க நான் என்ன மானங்கெட்டவனா? உள்ள கொண்டாங்க."

ஜெயித்துவிட்டோம்! எனக்குக் குலவை போடத் தெரியாது, இருந்தும் போட்டேன். பெஞ்ச் உள்ளே போனது. நான் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அங்கன எதுக்கு?" என்றார் ஃபோர்மேன். "ஹால்ல வைங்க. டிவிக்குப் பக்கத்துல."

"ஹாலிலா?"

"சீர்ச் சாமானை வேற எங்கன வைப்பாக? நாலு பேரு கண்ணுல படணும்ல. எங்க கல்யாணத்துக்கு வந்த வெங்கலப் பானை இருபத்தாறு வருசமாப் பரண்ல இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை. சீரைப் புழங்கினா மச்சானுக்கு மரியாதையா?"

கருப்பசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அதானே!" என்றார். பாவி மனுசன், அவரும் கட்சி மாறிவிட்டார்.

நான் இந்த மண்ணில்தான் பிறந்தேன். என் சீருக்கு வந்த எவர்சில்வர் அண்டா ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் பீரோ மேல் இருக்கிறது. எஸ் ட்ராப், பி ட்ராப், இஞ்ச் கணக்கு எல்லாம் யோசித்த எனக்கு, சீர்ச் சாமானை எவரும் புழங்க மாட்டார்கள் என்பது மட்டும் மறந்துபோயிற்று. தலையில் அடித்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன். பாயாசம் நன்றாக இருந்தது.

5. நூல்

அடுத்த நாலு மாசம் பேச்சியம்மாள் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"எப்படி அக்கா இருக்கு?"

"ஹால்ல நல்லாத்தான் இருக்கு தாயி. மூடிய மூடிட்டு அதுமேல உக்காந்துதான் நாடகம் பாக்கேன். உசரம் வாகா இருக்கு."

"மத்ததுக்கு?"

"அதே வேப்பங்கன்னுதான்."

சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிற பிடியை நான் பார்ப்பேன். அன்றைக்குச் செய்த சத்தியத்தை உடைத்துவிடலாமா என்றுகூடப் பலமுறை நினைத்தேன்.

ஒரு நாள் காலை கடை திறந்ததும் ஃபோர்மேன் தனியாக வந்தார். ஷோகேஸ் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என் மேஜைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை எடுத்து நீட்டினார். திரிக்கு மருந்து ஏற்றுவதற்கு முன்னால் இருக்கும் வெறும் நூல்.

"அந்தச் சீர்ச் சாமானுக்குப் பின்னால ஒரு வாய் இருக்குல்ல தாயி. தரையில இருந்து அது நடு வரைக்கும் இம்புட்டு உசரம். குளியலறைச் சுவத்துல இதே உசரத்துல ஓட்டை போட்டாச் சரியா வருமா?"

டேப்பை வைத்து அளந்தேன். ஏழேகால் இஞ்ச். கேட்லாக்கில் உள்ள அளவு மாறாமல் இருந்தது.

"டைல்ஸ் தரைக்கு மேல இருந்து அளந்தீகளா, சிமெண்டுத் தரையில இருந்தா?"

"டைல்ஸுக்கு மேலதான். மருந்து நிறுக்கிறவன் தாயி நான்."

எனக்கு வாய் நமநமவென்றது. "சீரைப் புழங்கினா மரியாதைக் குறைச்சல்னு சொன்னீகளே?"

அவர் நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"நேத்து அவ அதுமேல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தா. அடுப்புல பால் பொங்குச்சு. விறுட்டுனு எந்திரிச்சுப் போனா. அந்த வேகம் எனக்கு என்னமோ செஞ்சுச்சு. அவ எந்திரிக்கிறத நான் பாத்தே வருசக் கணக்காகுது தாயி. தரையில உக்காந்தா நான் அங்கிட்டுப் போற வரைக்கும் அப்படியே இருப்பா. ஷெட்டுல அம்புட்டுப் பேரும் எந்திரிக்கிற வேகத்தக் கணக்கு வச்சிருக்கேன். வீட்டுல இருக்கவளக் கவனிக்கலை பாரு."

மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை அவரிடம் தள்ளினேன்.

"அவகிட்ட நான் கேக்கப்போறதில்ல. கேட்டா ரோசப்படுவா. எனக்கு மொளங்கால் வலி, டாக்டர் குத்தவைக்கக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லிட்டேன். நீயும் வாயத் தொறந்துராத. பிளம்பர எப்போ அனுப்புத?"

"இன்னிக்கே அனுப்புதேன்."

"டேங்க் வேண்டாம். வாளி போதும்" என்று சொல்லிவிட்டு ஃபோர்மேன் இறங்கிப் போனார். அவர் போனதும் நான் குடோனுக்குள் போய்க் கொஞ்ச நேரம் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் ஒரு டப்பா காராச்சேவோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தாயி, மாட்டியாச்சு! வேப்பங்கன்னுக்கு லீவு குடுத்தாச்சு! அவுகளுக்குப் பாவம் மொளங்கால் வலியாம். இம்புட்டு நாளா வெளிய சொல்லாம வச்சிருந்திருக்காக."

"அப்படியா அக்கா?" என்றேன். கன்னத்தை உள்ளேயிருந்து கடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுதான் மனக்குறை. பேக்கிங்ல ஆள் பத்தலைன்னு என்னை அங்கன மாத்திட்டாக. வாசப்பக்கம் ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருக்காக. இம்புட்டு வேகமான கைய வச்சுக்கிட்டுப் பெட்டிக்குள்ள அடுக்கிக்கிட்டு இருக்கேன். அவுக ஃபோர்மேன் வேலை பாக்குற லச்சணத்தப் பாரு!"

திட்டிவிட்டுக் காராச்சேவை என் கையில் கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவுக மொளங்கால் விசயம் உனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத தாயி. ரோசக்கார மனுசன்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

6. பலகை

நம் ஷோரூமில் இத்தனை சோபா இருக்க, ஒரு மூலையில் அரையடி உயரத்தில் இரண்டு மரப் பலகைகள் எதற்கு என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்கிறீர்கள். அது என் சொத்து, யாரும் தூக்கிப் போடக் கூடாது. கஸ்டமர் குடும்பத்தோடு வந்தால் அதில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுங்கள். இண்டியனா, வெஸ்டர்னா என்று வாயால் கேட்டால், யார் பேசுவார்களோ அவர்கள்தான் பேசுவார்கள். காப்பி முடிந்து எழுந்திருக்கும்போது யாருடைய கை எதைத் தேடிப் பிடிக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு டேப்பை எடுங்கள்.

போன மாதம்கூட ஃபோர்மேனும் பேச்சியம்மாளும் மகன் வீட்டுக்குப் பீங்கான் எடுக்க வந்திருந்தார்கள். பலகையை நீட்டினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "பலகை வேண்டாம் தாயி, அவுகளுக்கு மொளங்கால் வலி" என்றும், "எனக்குத்தான் வலி, அவளும் சோபாவுலயே இருக்கட்டும்" என்றும் சொன்னார்கள். நான் பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காப்பி சொல்லப் போனேன்.